தொலைந்த சான்றிதழும் ஒரு சுட்டெண்ணும்

இம்முறை மட்டக்களப்புப் பயணத்தில் கோயில், கல்யாணம் எல்லாம் இரண்டாம் பட்சம். 2002ஆம் ஆண்டு எழுதிய உயர்தரப் பரீட்சையின் சான்றிதழை மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. டொரொண்டோவில் நான் சேரவிருக்கும் கல்லூரி, பன்னிரண்டாம் வகுப்புக்கு நிகரான படிப்புக்கு ஆதாரம் கேட்டது. மூலச் சான்றிதழோ நாவலடி வீட்டோடு 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடலுக்குப் போய்விட்டது.

“உதயதேவி ரயிலில் ஏறிக் கொழும்புக்குப் போ, இங்கே ஒன்றும் நடக்காது” என்றார் மாமா. அது பழைய கதை. பரீட்சைத் திணைக்களம் பத்தரமுல்லை, பெலவத்தையில் இருந்தாலும் இணையவழியில் விண்ணப்பித்து வங்கி அட்டையால் பணம் கட்டலாம். படிவம் நிரப்பித் தர ஒரு கொமினிகேசன் கடையில் கேட்ட தொகைக்குக் குடும்பத்தோடு பிரியாணி சாப்பிடலாம். கைத்தொலைபேசியிலேயே நிரப்பினேன்.

இடறியது படிவம் கேட்ட சுட்டெண்தான், அதாவது பரீட்சை எழுதும்போது எனக்குத் தந்த எண். எழுதிய ஆண்டு நினைவிருக்கும். எண்ணை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? படித்த பாடசாலைக்குப் போனேன். “எந்தப் பிரிவு தம்பி, கலையா வணிகமா?” என்று கேட்ட அலுவலக அக்கா, அலுமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு கோப்பை இழுத்துத் தூசி தட்டினார். அடிமட்டத்தை ஒவ்வொரு பெயரின் கீழும் வைத்து மெதுவாக இறங்கினார். வகுப்பு முழுவதன் பெறுபேறும் அங்கே வரிசையாக இருந்தது. பொருளியலில் ‘பி’ என்று இன்றுவரை சொல்லித் திரியும் என் மச்சானுக்கு உண்மையில் ‘எஸ்’, வெறும் சாதாரண சித்தி. தக்க சமயத்துக்காக அதை வைத்திருக்கிறேன்.

பரீட்சைப் பதிவில் முதலெழுத்துகளோடு உள்ள என் பெயர், கனேடியக் கடவுச்சீட்டில் வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. இரண்டும் என் பெயர்தான் என்று சமாதான நீதவான் ஒருவர் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடித்தேன். கல்லூரி கேட்டபடி பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியும் எடுத்தேன். “எப்போது தொலைந்தது?” என்றார் எழுதியவர். “சுனாமியில்” என்றதும் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் எழுதித் தந்தார்.

சான்றிதழ் கல்லடியிலுள்ள அத்தை வீட்டுக்குத் தபாலில் வந்தது. கனடாவில் கோடை விடுமுறை என்று ஓகஸ்டில் வருபவர்கள் கவனிக்க வேண்டும்: அந்த மாதம் இங்கேயும் பாடசாலைகள் விடுமுறையில் பூட்டிக் கிடக்கலாம். சுட்டெண் கையில் இல்லாதவர்கள் தவணை நாட்களைப் பார்த்து டிக்கெட் போடுங்கள்.