மூன்று நீலக் குர்தாக்கள்

என் அலமாரியில் நீலக் குர்தா மூன்று தொங்குகின்றன. ஒன்று மாலில் எடுத்த ரெடிமேட், 799 ரூபாய். இன்னொன்று, பெண் ஒருவர் தனியாக நடத்தும் சிறு பொட்டிக்கில் சொல்லித் தைத்தது, 3,200 ரூபாய். மூன்றாவது கோ-ஆப்டெக்ஸில் துணி எடுத்துத் தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்தது; துணியும் கூலியும் சேர்த்து 1,250 ரூபாய். இரண்டு ஆண்டுகளாக மாற்றி மாற்றி உடுத்திவருகிறேன்.

மால் குர்தாவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முதல் நாள் மற்ற இரண்டையும்விட எடுப்பாக இருந்தது. பாலியெஸ்டர் கலப்பு என்று பொடி எழுத்தில் போட்டிருந்ததை வீட்டுக்கு வந்துதான் படித்தேன். மே மாதத்தில் அது உடுப்பல்ல, தண்டனை. ஆறாவது சலவையில் அக்குள் பக்கம் தையல் விட்டது. பிரித்துத் தைக்க உள்ளே கால் இன்ச் துணிகூட இல்லை, விளிம்பை ஒட்டி ஓவர்லாக் (நூல் பிரியாமல் விளிம்பைச் சுற்றிப் போடும் மெஷின் தையல்) போட்டிருந்தார்கள்.

பொட்டிக் குர்தாவை உள்பக்கம் திருப்பினால் வேறு கதை. துணியின் விளிம்பு எங்கும் தெரியாமல் மடித்து இரட்டைத் தையல். பக்கத்துக்கு ஓர் இன்ச் துணி விட்டிருக்கிறது. உடம்பு பூசினால் பிரித்துவிடலாம் (பூசியது, பிரித்தேன்). செல்பேசி முழுதாக இறங்கும் பையும் உண்டு. மூன்று வாரம் காத்திருந்தது எரிச்சல்தான். ஆனால் கழுத்துப் பட்டி நைந்தபோது, எடுத்துவைத்திருந்த அதே துணித் துண்டில் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். 3,200 ரூபாய் எனக்கு உறுத்தாமல் போனது அன்றுதான்.

அதற்காக ‘ஸ்லோ ஃபேஷன்’ (நிதானமாகத் தைத்து நெடுநாள் உடுத்தும் உடுப்பு) என்று பலகை வைத்த கடையெல்லாம் இப்படி என்று நம்பிவிட வேண்டாம். கைத்தறி வேறு, இயற்கைச் சாயம் வேறு. கைத்தறி நூலிலும் பெரும்பாலும் ரசாயனச் சாயம்தான் ஏறுகிறது. அவுரிச் செடியிலிருந்து எடுக்கும் உண்மையான நீலம் முதல் சில சலவையில் கசியும், உரசும் இடத்தில் மெல்ல வெளிறும், அது குறையல்ல. எங்கே நெய்தது என்று கேளுங்கள். நெகமம், சின்னாளபட்டி என்று ஊர்ப் பெயர் வர வேண்டும். ‘நம் நாட்டுக் கைவினைஞர்கள்’ என்று மட்டும் பதில் வந்தால் நான் பர்ஸை மூடிவிடுவேன்.

கோ-ஆப்டெக்ஸுக்குப் பலகையே தேவையில்லை. 1935-இல் தொடங்கிய கூட்டுறவு அது; துணி நெசவாளர் சங்கங்களிலிருந்து வருகிறது, தீபாவளிக்கு வழக்கமாகத் தள்ளுபடியும் உண்டு. துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, உலர்த்திய பிறகே தைக்கக் கொடுங்கள். சுருங்குவது முன்பே சுருங்கட்டும். தையல்காரர்தான் பாடு. செவ்வாய்க்கிழமை தருகிறேன் என்றார். எந்தச் செவ்வாய் என்று சொல்லவில்லை. குர்தாவின் கையும் முதலில் இறுக்கமாக இருந்தது.

ஆண்டுக்கு ஒன்று வாங்குகிறவர்களுக்குப் பொட்டிக். வாரம் ஆறு நாள் வேலைக்குப் போகிற என்னைப் போன்றவர்களுக்கு மூன்றாவது வழிதான் கட்டுப்படியாகும். போன மாதம் அடுத்த துணியைக் கொடுத்தபோது, அளவுக்குப் பொட்டிக் குர்தாவையும் வைத்தேன். தையல்காரர் அதைத் திருப்பிப் போட்டு உள்தையலை விரலால் தடவினார்.

“யாரம்மா தைத்தது? இப்படி வேண்டுமென்றால் கூலி இன்னும் இருநூறு ஆகும்.”

ஆகட்டும் என்றேன்.