வேலிக்கு எந்தக் கொடி விடலாம்: கார்த்திகைப்பூவா, குறிஞ்சாவா, ஈஸ்வரமூலியா?

யாழ்ப்பாணத்தில இப்ப எந்த ஒழுங்கைக்குள்ள போனாலும் மதிலுக்கு மேல போகன்வில்லாதான். வடிவுதான், ஆனா அது தென்னமெரிக்காச் செடி, எங்கட வண்ணாத்திப்பூச்சியளுக்கு அதால பெரிய பிரயோசனமில்லை. அதுகளுக்குத் தேன் மட்டும் காணாது, முட்டையிட்டு புழு தின்னுறதுக்கு அதுஅதுக்கேத்த இலையும் வேணும். முந்தி கதியால் வேலியில தானாப் படர்ந்த கொடியள் மூண்டை எடுத்துப் பாப்பம்.

பூ எண்டு பார்த்தா கார்த்திகைப்பூவை அடிக்க ஏலாது. மாரி மழைக்குக் கிழங்கில இருந்து முளைச்சு, இலை நுனியாலயே கம்பியைச் சுத்திப் பிடிச்சு ஏறும். பூவின்ர நடுத்தண்டு பக்கவாட்டில மடங்கித்தான் நிக்கும், தேனுக்கு வாற வண்ணாத்தியின்ர செட்டை அதில உரசுப்பட்டு மகரந்தம் மாறும், தேன்சிட்டும் வரும். ஆனா மாரி முடியக் கொடி காய்ஞ்சிடும், வேலி வெறுமையாப் போயிடும். கிழங்கு பொல்லாத நஞ்சு, வத்தாளங்கிழங்கெண்டு நினைச்சு அவிச்சுச் சாப்பிட்டு இலங்கையில ஆக்கள் செத்திருக்கினம், சின்னப்பிள்ளையள் இருக்கிற வளவெண்டா யோசிச்சு வையுங்கோ.

குறிஞ்சா சமையலுக்கும் உதவும், இலையைச் சுண்டலாம். பூ பச்சைக் கொத்து, தூரத்தில கண்ணுக்கே தெரியாது. நீலவரி வண்ணாத்தியின்ர புழு இந்த இலையிலதான் வளரும். உங்களுக்குப் பாதி அதுக்குப் பாதி.

என்ர வாக்கு ஈஸ்வரமூலிக்குத்தான். பூ சின்னக் குழல் மாதிரி, உள்ள இருக்கிற மயிர் குட்டி ஈயளைக் கொஞ்ச நேரம் மறிச்சு வைச்சு, பிறகு வாடித்தான் வெளியில விடும். பெரிய விசயம் இலைதான். கறுப்புச் செட்டையில வெள்ளைப் பட்டி, உடம்பெல்லாம் ரத்தச் சிவப்பா ஒரு வண்ணாத்தி ஆறுதலாப் பறந்து திரியுமே, அதின்ர புழு இந்த இலையின்ர நஞ்சைத் தின்டு உடம்பில சேர்த்து வைக்கிறதால குருவியள் அதைத் தொடாது. அதைப் பார்த்து, கறிவேப்பிலையிலயும் தேசியிலயும் வளருற இன்னொரு வண்ணாத்தியின்ர பெட்டையள் சிலது அதே நிறத்தில வேசம் போட்டுத் தப்புதுகள், எவ்வளவு கெட்டித்தனம் பாருங்கோ! ஈஸ்வரமூலி சிறுநீரகத்துக்குக் கூடாத செடி, கை வைத்தியமெண்டு குடிச்சுப் போடாதேங்கோ.

ஒரு கொடி மட்டும் விட்டா புழுவள் மொட்டையடிச்சுப் போடும், நாலைஞ்சு கொடியா விடுங்கோ. இலை ஓட்டையாப் போச்செண்டு மருந்து மட்டும் அடிக்காதேங்கோ, மழைக்குத் திருப்பித் துளிர்க்கும்.