ஹைலக்ஸ் பின்பக்கப் பட்டைக் கட்டு: எந்த ரகம் நமக்கு, மாட்டும்போது எங்கே இடிக்கும்

டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பின் பின்பக்க லீஃப் ஸ்பிரிங், அதாவது அடுக்கிக் கட்டிய இரும்புப் பட்டைகள், தொய்ந்துவிட்டால் கடையில் மூன்று ரகம் காட்டுவார்கள். முதலாவது, கம்பெனி அளவிலேயே வரும் சாதாரணக் கட்டு. இரண்டாவது, தொட்டியில் 300 கிலோ எப்போதும் இருக்கும் என்று கணக்கிட்டு வளைத்த நடுத்தரக் கட்டு. மூன்றாவது, 500 கிலோவுக்கான கனத்த கட்டு. பெரும்பாலும் மூன்றாவதுதான் முதலில் மேசைக்கு வரும். இரும்பு அதிகம், விலையும் அதிகம், பார்க்கவும் கம்பீரம். சிங்கப்பூரில் ஏர்கான் சர்வீஸ், வயரிங், பிளம்பிங் என்று ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அது வேண்டவே வேண்டாம்.

காரணம் அந்த எண்ணிலேயே இருக்கிறது. 500 கிலோ என்றால் அவ்வளவு தாங்கும் என்று பொருளல்ல. அவ்வளவு சுமை இறங்காமல் அப்படியே இருந்தால்தான் வண்டி மட்டமாக நிற்கும் என்று பொருள். ஏணி, டிரில், செம்புக் குழாய்ச் சுருள், இரண்டு மூன்று சிலிண்டர் என்று 200 கிலோகூடத் தேறாத வண்டியில் இதை மாட்டினால் பின்புறம் தூக்கிக்கொண்டு நிற்கும். வேகத்தடையில் ஏறினால் பட்டை வளையாமல் அச்சு துள்ளும். மழை ஈரத்தில் விரைவுச்சாலையை விட்டு இறங்கும் வளைவில் பின் டயரின் பிடி குறையும். இத்தனைக்கும், பதிவு செய்யப்பட்ட அதிகபட்ச மொத்த எடை ஒரு கிலோகூட ஏறாது. தடித்த பட்டை போட்டால் கூடுதலாக ஏற்றலாம் என்று நினைப்பவர்கள் இதை முதலில் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

சாமான் இரவும் பகலும் தொட்டியிலேயே கிடந்து, மேலே இரும்பு ரேக்கும் கூண்டும் இருந்தால் நடுத்தரக் கட்டு சரி. காலையில் ஏற்றி மாலையில் இறக்கும் வண்டிக்கு சாதாரணக் கட்டே போதும். அதிலும் அடியில் கனத்த துணைப் பட்டை உண்டு, சுமை ஏறினால் அது தானாக வேலைக்கு வரும்.

வாங்கும்போது வண்டியின் ஆண்டை மட்டும் சொல்லாமல் சேஸி எண்ணையும் கொடுங்கள். 2015இல் வந்த எட்டாம் தலைமுறையில் டொயோட்டா பின் பட்டையை 100 மில்லிமீட்டர் நீட்டியது. முந்தைய வண்டியின் கட்டு இதற்குச் சேராது. மாற்றுவதானால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிதாகவும் மறுபக்கம் பழையதாகவும் இருந்தால் வண்டி சாய்ந்தே ஓடும்.

விலை கேட்கும்போது கடைக்காரர் சொல்வது இரண்டு கட்டுகளுக்கான தொகையாகத்தான் இருக்கும். அதோடு முடியாது. யூ போல்ட் (கட்டை அச்சோடு பிணைப்பது) 4, நட்டு 8, முன் கண்ணுக்கு (பட்டையின் முன்முனை வளையம்) ரப்பர் புஷ் 2, பின் ஷேக்கிளுக்கு (பட்டையின் பின்முனையை சேஸியோடு சேர்க்கும் இணைப்பு) அரைப் புஷ் 8, முடிந்தால் ஷேக்கிள் முள் ஒரு செட், இவை பெட்டியில் உண்டா என்று கேளுங்கள். யூ போல்ட்டில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். இறுக்கும்போது அது இழுபட்டு நீள்வதால்தான் பிடி கிடைக்கிறது. ஒருமுறை நீண்டதை மறுபடி இறுக்கினால் அந்தப் பிடி வராது. நடுத்தரக் கட்டு தடிமனாக இருப்பதால் பழைய யூ போல்ட்டின் நீளமும் பற்றாமல் போகலாம். நட்டுக்கு வெளியே இரண்டு மூன்று மரையாவது தெரிய வேண்டும்.

புஷ்ஷில் ரப்பரா, பாலியூரிதேனா? அன்றாட ஓட்டத்துக்கு ரப்பர். பாலியூரிதேன் நீடித்து உழைக்கும், ஆனால் கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும்.

வீட்டில் மாட்டுவது தரைவீட்டு முற்றம் இருப்பவர்களுக்கு மட்டும். வீவக (அரசு அடுக்குமாடி) கார்ப்பேட்டையில் வண்டி பழுதுபார்க்க அனுமதியில்லை. முற்றத்திலும் மழைநீர் வடியச் சரிவு இருக்கும். மட்டமான கான்கிரீட் இல்லாவிட்டால் காக்கி புக்கிட்டிலோ சின் மிங்கிலோ ஒரு பட்டறையில் விட்டுவிடுவது மேல். ஒரு கட்டு 20 கிலோவுக்கு மேல் கனக்கும் என்பதால் இரண்டு பேர் வேண்டும்.

தொடங்கும் முன், சக்கர மையத்திலிருந்து மட்காட் விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். முன் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, சேஸியைப் பட்டையின் முன் தாங்கிக்குச் சற்று முன்னால் ஸ்டாண்டில் நிறுத்தி, அச்சை ஜாக்கியில் தாங்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டுத்தான் மறுபக்கம் போக வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் அச்சு ஜாக்கியின் மேல் உருளும். ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட், யூ போல்ட் நட்டுகள், பின் ஷேக்கிள், கடைசியாக முன் கண் போல்ட் என்ற வரிசை வசதி. அச்சை இறக்கும்போது பிரேக் ஹோசும் ஏபிஎஸ் வயரும் விறைக்கின்றனவா என்று ஒரு கண் வைத்திருங்கள்.

நேரத்தைத் தின்பது முன் கண் போல்ட்தான். இந்த ஊர் ஈரத்தில் போல்ட்டின் தண்டும் புஷ்ஷின் உள்குழாயும் துருவில் ஒன்றாகிவிடும். நட்டு கழன்றுவிடும், தலையைத் திருப்பினால் திரும்பவும் செய்யும், ஆனால் வெளியே வராது. ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெயை இரண்டு பக்கமும் அடித்து ஊற விடுங்கள். அப்படியும் வராவிட்டால் தாங்கிக்கும் கண்ணுக்கும் இடையிலுள்ள சந்தில் ரம்பத்தைவிட்டு இரண்டு முனையையும் அறுப்பதுதான் வழி. பெட்ரோலோ டீசலோ, டேங்க் பக்கத்தில் கேஸ் தீயைக் கொண்டுபோகாதீர்கள். சில பிக்கப்களில் அந்தப் பக்கத்து போல்ட் டேங்கில் முட்டி வெளியே வராது. டேங்கைக் கொஞ்சம் இறக்க வேண்டியிருக்கும்.

புதுக் கட்டை ஏற்றும்போது, பட்டைகளைச் சேர்த்துப் பிடித்து அடியில் துருத்தும் நடு போல்ட்டின் தலை, அச்சின் மேலுள்ள குழியில் முழுதாக உட்கார வேண்டும். குழியின் விளிம்பில் ஏறி நின்றால் பட்டைக்கும் அச்சின் மேடைக்கும் நடுவே ஒரு தகடு நுழையும் அளவு இடைவெளி தெரியும். அதைப் பார்க்காமல் இறுக்கினால் போல்ட் தலை நசுங்கும், அச்சு ஒரு பக்கம் முன்னே போகும், ஸ்டியரிங் நேராக இருக்க வண்டி கோணலாக ஓடும். யூ போல்ட் நட்டு நான்கையும் குறுக்குவாட்டில், மூன்று தவணையாக, வண்டியின் கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்குங்கள்.

கண் போல்ட்டையும் ஷேக்கிளையும் இப்போது கையிறுக்கமாக மட்டும் விடுங்கள். வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, பின்புறத்தை நாலைந்து தடவை அழுத்தி உலுக்கிய பிறகுதான் முழு இறுக்கம். அந்தரத்தில் தொங்கும்போதே இறுக்கினால், வண்டி நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருக்கும்; புதுப் புஷ் சீக்கிரமே கிழியும். "புதுப் பட்டை போட்டும் சத்தம் வருகிறது" என்ற புகார்களில் பலவற்றுக்கு இதுதான் மூலம். பழி போவதோ பட்டை செய்தவன் தலையில்.

நடுத்தரக் கட்டில் இன்னும் இரண்டு விஷயம். அச்சிலிருந்து ஒரு கம்பி மேலே போய், சுமைக்கேற்பப் பின் பிரேக் அழுத்தத்தை மாற்றும் வால்வு உள்ள வண்டியா என்று பாருங்கள். பின்புறம் உயர்ந்துவிட்டால் தொட்டி காலி என்று நினைத்துக்கொண்டு அந்த வால்வு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். கம்பியைப் புது உயரத்துக்குச் சரிசெய்யாமல் சோதனை நிலையத்துக்குப் போகாதீர்கள். அடுத்தது, இரண்டு துண்டு புரொப்பெல்லர் ஷாஃப்ட் (பின் அச்சுக்குச் சுழற்சியைக் கடத்தும் தண்டு) உள்ள வண்டியில் உயரம் கூடினால் புறப்படும்போது ஓர் அதிர்வு வரலாம். நடு பேரிங்குக்கு அடியில் தகடு வைத்து அதைக் கொஞ்சம் இறக்கினால் பெரும்பாலும் அடங்கும். சாதாரணக் கட்டில் இந்த இரண்டு தலைவலியும் கிடையாது.

பழைய பட்டையையே வளைத்துத் தருவதாகச் சொல்லும் பட்டறைகளும் உண்டு. சூடேற்றி, வளைத்து, எண்ணெயில் அடக்கி, மறுபடி பதமேற்றுபவர்களிடம் கொடுத்தால் பலன் உண்டு. சுத்தியலால் குளிரிலேயே அடித்து வளைத்தது சீக்கிரமே பழைய தொய்வுக்குத் திரும்பும். அந்தக் காசைச் சாதாரணக் கட்டில் போடலாம்.

500 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி டார்க் ரெஞ்சால் சோதியுங்கள். பட்டைகளுக்கு இடையிலுள்ள பெயின்ட் நசுங்குவதால் முதல் சோதனையில் நட்டு கொஞ்சம் திரும்பும், பயப்பட வேண்டாம். சக்கர மையத்து அளவையும் அப்போதே மறுபடி எடுங்கள். புதுக் கட்டு சற்று இறங்குவது வழக்கம். ஹெட்லைட்டின் கோணத்தை அதற்குப் பிறகு சரிசெய்தால் போதும். பழைய பட்டையை கராங் குனிகாரர் (பழைய சாமான் வாங்குபவர்) வந்தால் கொடுத்துவிடலாம்.