ஆர்எஃப்ஐடி சாப்ட்வேர் ஒன்றரை வருசம் ஓட்டுன கதை, அந்தப் பாழாப்போன பவர் 30ஐ யாராச்சும் நிறுத்துங்கப்பா

கரூர்ல போர்வை கம்பெனி வெச்சிருக்கற மச்சான் நேத்து போன் பண்ணி, "ஏனுங் மாப்ள, மெஷினுக்கெல்லாம் டேக் ஒட்டுனீங்களே, எப்படி ஓடுது, நாங்களும் வாங்கலாமுங்களா"ன்னாரு. கேட்ட நேரம் சரியில்லீங்க. கையில வெச்சு அடிக்கற ரீடர் டிரிக்கர் பட்டன் போய் பெங்களூருக்கு ரிப்பேருக்குத் தாட்டி விட்டது 19 நாள் கழிச்சு அன்னைக்குத்தான் வந்திருந்துச்சு. அரை மணி நேரம் வாயில வந்ததெல்லாம் பேசிட்டேன். பாவம் அவரு. அதான் சித்தெ நிதானமா எழுதறேன். ஆர்எஃப்ஐடின்னா வேற ஒண்ணுமில்லீங்க, மெஷினுக்கு மெஷின் ஒரு டேக் ஒட்டிட்டா, அதோட நம்பரை ரீடர் தூரத்துல இருந்தே ரேடியோ அலையில படிச்சு சாப்ட்வேர்ல ஏத்திரும்.

நம்முது திருப்பூர் பனியன் கம்பெனி, ரெண்டு யூனிட், நடுவுல ஒரே ஹாலோ பிளாக் சுவரு. ஓவர்லாக், பிளாட்லாக், சிங்கிள் நீடில், காஜா எல்லாஞ்சேத்து 212 தையல் மெஷின். இதுல பாதி ஒரு இடத்துல நிக்காது, அவசர ஆர்டர்னா பெருமாநல்லூர்ல கூலிக்குத் தெச்சுக் குடுக்கற பவர் டேபிள்காரருக்கு நாலு போகும், வர்றப்ப மூணுதான் வரும். வருசா வருசம் ஆடிட்டர் எண்ணிப் பாத்தீங்களான்னு கேப்பாரு, நாங்க எக்ஸெல் பேப்பரைத் தூக்கிட்டு மெஷினுக்கு அடியில குனிஞ்சு எண்ணெய்ப் பிசுக்குல அது 3ஆ 8ஆன்னு சண்டை போடுவோம். மூணு நாள் போயிரும். இப்ப ரீடரைத் தூக்கிட்டு காலைல ஆரம்பிச்சா மத்தியானச் சோத்துக்குள்ள முடிஞ்சுருது, அதை இல்லைன்னு சொல்லவே மாட்டேன்.

மொதல்ல விலை கம்மின்னு சாதா ஸ்டிக்கர் டேக் வாங்கி ஏமாந்தோம், இரும்பு மேல ஒட்டுனா செத்த பொணமாட்ட கெடக்கும். இரும்புக்குன்னே தனி டேக் இருக்குது, பல மடங்கு விலை, அதைத்தான் வாங்கோணும்.

சந்தோசம்னா ஒண்ணே ஒண்ணு சொல்றேன். ஒரு காஜா மெஷினு நாலு மாசமா காணோம், யாரோ அடிச்சுட்டான்னே முடிவு பண்ணி ஒரு பையனை சந்தேகமும் பட்டாச்சு. இதுல தேடற மோடு ஒண்ணு இருக்குது, நம்பரைப் போட்டுட்டு நடந்தா கிட்டப் போகப் போக கார் ரிவர்ஸ் எடுக்கறாப்ல பீப் பீப்புன்னு வேகமாகும். பொடக்காலி குடோன்ல பனியன் வேஸ்ட் மூட்டை மேல மூட்டையா கெடந்துச்சு, அங்க போனதும் அலறுச்சு பாருங்க! ஏழு மூட்டையை அக்கட்டால தள்ளுனா அடியில குத்தவெச்சுட்டு இருக்குது. அந்தப் பையங்கிட்ட டீ வாங்கிக் குடுத்து மன்னிப்புக் கேட்டேன்.

ஆனா ஒண்ணு, இது டேக்கைத்தான் கண்டுபுடிக்கும், மெஷினை இல்ல. ஆயுத பூஜைக்குத் தொடைக்கறப்ப கழண்டு வந்த 11 டேக்கை சூப்பர்வைசர் பத்திரமா டிராயர்ல போட்டு வெச்சுட்டாரு. ரிப்போர்ட்ல 11 மெஷினும் ஆபீஸ் ரூம்ல இருக்குதுங்குது. அது சாப்ட்வேர் தப்பு இல்ல, சரி.

என்ற வயித்தெரிச்சல் வேற. கணியூர் டோல்கேட்ல பாஸ்டேக் படிக்கறதும் இதே ஜாதிதான், டேக்ல பேட்டரி கெடையாது, ரீடர் விடற 865 மெகாஹெர்ட்ஸ் அலையிலதான் அதுக்கு உசுரே வருது. அந்த அலைக்கு நம்ம ஹாலோ பிளாக் சுவரெல்லாம் ஒரு கணக்கா? மொதல் யூனிட்டு கடைசி லைன்ல நின்னு அடிச்சா சுவத்துக்கு அந்தப் பக்கம் ரெண்டாவது யூனிட்டு மெஷின் 14 சேந்து விழுகுது. விழுந்தாக்கூடப் பரவால்ல, சாப்ட்வேர் ஒரு வார்த்தை கேக்காம அந்த 14ஐயும் மொதல் யூனிட்டுக்கு மாத்தி எழுதிப்போடுது. பொழுதோட அந்த யூனிட்டு சூப்பர்வைசர் வந்து "என்ற மெஷினை ஏனுங் எடுத்தீங்க"ன்னு நிக்கறாரு, மெஷினு அவரு முதுகுக்குப் பின்னாடிதான் ஓடிட்டு இருக்குது.

இதுக்கு வழி இல்லாம இல்ல. செட்டிங்ல ரீடர் அலையோட பவர் 30 இருக்கறதை 18க்கு எறக்குனா சுவரு தாண்டாது. ஆனா பத்து நிமிசம் சும்மா வெச்சா தானா லாக்அவுட் ஆகும், திரும்ப உள்ள போனா மறுக்கா 30. டீ குடிச்சுட்டு வந்தா 30. யாராச்சும் சித்த நேரம் நாயம் பேசுனா 30. சப்போர்ட்ல சொன்னா "நோட் பண்ணிக்கிட்டோம் சார்"னு 14 மாசமா சொல்றாங்க, அந்த நோட்டு ரொம்பியிருக்கும் இன்னேரம். கம்பெனி பேரு சொல்லல, டேக் ஒட்டற நாலு நாளும் எங்களோடயே மெஷினுக்கடியில படுத்துக் கெடந்த அந்த சேல்ஸ் தம்பி நல்ல பையன்.

மச்சானுக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன். நான் அடுத்த வருசத்துக்குப் பணம் கட்டிட்டேன், காஜா மெஷினு ஒண்ணே அந்தக் காசுக்கு ஈடு. ரீடர் முதுகுல "18 வை"ன்னு மார்க்கர்ல எழுதி டேப் ஒட்டி வெச்சிருந்தேன், ரிப்பேர்க்காரங்க அதையும் பிச்சுட்டுத் தாட்டியிருக்காங்க, நாளைக்கு மறுக்கா ஒட்டோணும்.