படகு ஜிபிஎஸ்ஸுக்கு ‘உப்புக் காப்பு கோட்டிங்’ போடக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கரைக்கு வந்து நான்கு நாள் ஆகிறது. இன்னும் கோபம் அடங்கவில்லை. 23,500 ரூபாய். மீன்பிடித் தடைக்கால நிவாரணம் ஒரு குடும்பத்துக்கு 8,000 ரூபாய்தான். ஏறக்குறைய அதில் மூன்று மடங்கைத் தூக்கி ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, நடுக்கடலில் திசை தெரியாமல் நின்றோம். இன்னொரு படகுக்கு இது நடக்கக் கூடாது.

எங்களுடையது நாகப்பட்டினம் பக்கம் ஒரு விசைப்படகு. படகு அப்பா பெயரில், ரிப்பேர் வேலை என் பொறுப்பு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில்தான் படகைக் கரையேற்றி எல்லா வேலையும் பார்ப்போம். போன வருடம் மற்றப் படகுகளோடு பேசுகிற விஎச்எஃப் ரேடியோ செட்டின் மைக் ஒயர் பச்சை பூத்து அறுந்துபோனது. அதனால் இந்த முறை ஜிபிஎஸ், கடல் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர், விஎச்எஃப் மூன்றையும் உப்பும் வெயிலும் தின்னாமல் பாதுகாத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததில் தப்பில்லை. போன இடம்தான் தப்பு.

துறைமுகச் சாலையில் படகுக் கருவிகள் விற்று, ரிப்பேரும் பார்க்கிற கடை அது. அந்த மனிதர் மேசையில் ஒரு ஜிபிஎஸ்ஸை ஓடவிட்டு, அதன் தலையில் ஒரு மக் தண்ணீரை ஊற்றினார். திரை அணையவில்லை. “பாத்துக்கங்க தம்பி, நம்ம கோட்டிங். போர்டுக்கு அடிச்சு, மூடியை சீல் பண்ணி, ஒயரெல்லாம் மரைன் ஒயரா மாத்தித் தரேன். அஞ்சு வருஷத்துக்கு இந்தப் பக்கம் வர வேணாம்” என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அந்த ஒரு மக் தண்ணீரை நம்பித்தான் 23,500 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

அவர் ஊற்றியது குழாய்த் தண்ணீர். பெட்டியில் ஐபிஎக்ஸ் 7 என்று போட்டிருந்தால், ஒரு மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்றுதான் அர்த்தம். உப்பையும் வெயிலையும் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. கம்பெனியிலிருந்து வந்தபோதே எங்கள் ஜிபிஎஸ் அந்த அளவுக்குத் தாங்கக்கூடியதுதான். இவர் மூடியைத் திறந்ததால் அதுவும் போனது.

செட்டை வாங்கும்போதே வினிகர் மாதிரி ஒரு புளித்த வாடை வந்தது. கேட்டேன். “புது கோட்டிங் அப்படித்தான் இருக்கும், ரெண்டு நாள்ல போயிடும்” என்றார். அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும். அந்த வாடை வருகிற சிலிக்கான், காயும்போது அமிலத்தை விடும், செம்பை அரிக்கும். குளியலறை ஓரத்துக்கு அடிக்கிற மலிவான பசை அது. அதைத்தான் போர்டு முழுக்க அப்பியிருந்தார்.

ஜூன் 15 அதிகாலை கிளம்பினோம். நானும் போனேன். மூன்றாம் நாள் ராத்திரி, கோடியக்கரைக்குத் தென்கிழக்கே, முதலில் எக்கோ போனது. கொஞ்ச நேரத்தில் ஜிபிஎஸ் திரை வெளுத்தது. விஎச்எஃப்பில் கூப்பிட்டால் இரைச்சல் மட்டும். எல்லை எங்கே என்று காட்டக் கடலில் கல்லா நட்டிருக்கிறது? கொஞ்சம் தெற்கே இழுத்துப்போயிருந்தால் இன்று நாங்கள் இலங்கைச் சிறையில் இருந்திருப்போம், படகும் போயிருக்கும். டார்ச் அடித்து, எங்கள் ஊர்ப் படகு ஒன்றைக் கூப்பிட்டு, அதன் விளக்கைப் பிடித்துக்கொண்டே சித்தப்பா படகைக் கரை சேர்த்தார். டீசலும் ஐஸும் வீணானதை இந்த 23,500-இல் நான் சேர்க்கவில்லை.

கரையில் திறந்து பார்த்தோம். ஒயர் சொருகுகிற ஊசிக்கால்களெல்லாம் பச்சை பூத்திருந்தன. ஒயரை வெட்டினால் உள்ளே வெறும் செம்பு, அதுவும் கறுத்துப்போய். மரைன் ஒயர் என்றால் ஒவ்வொரு இழைக்கும் வெள்ளீயம் பூசியிருக்கும், வெட்டினால் வெள்ளையாகத் தெரியும். இது கடைத்தெருவில் கிடைக்கிற சாதா ஒயர்.

முதல் நாள் கடையில், “நீங்க தண்ணி உள்ள விட்டுட்டீங்க” என்றார். தண்ணி புகாது என்றுதானே அண்ணே காசு வாங்கினீர்கள் என்றேன். பதில் இல்லை. இரண்டாம் நாள், ஓனர் ஊரில் இல்லை என்று பையன் சொன்னான். இவர்தான் ஓனர் என்று அதுவரை நினைத்திருந்தேன். மூன்றாம் நாள் போன் எடுக்கவில்லை; அனுப்பிய போட்டோவில் நீல டிக் மட்டும் விழுந்தது. பில் கேட்டால் அது வெள்ளைச் சீட்டு, ‘சர்வீஸ் 23,500’ என்று கையால் எழுதியது. ஜிபிஎஸ் கம்பெனிக்குப் போன் செய்தேன். வெளியே திறந்த செட்டுக்கு வாரன்டி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகிறது.

எப்படிப் பாதுகாப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது மனம் ஓடவில்லை. இதை மட்டும் சொல்கிறேன். கம்பெனி சீலை யாரும் திறக்க விடாதீர்கள். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் செட்டைத் துடையுங்கள்; காய்ந்த உப்பு, ராத்திரி ஈரக் காற்றில் மறுபடி கசிந்து செம்பைத் தின்னும். ஒயரை வாங்கும்போதே வெட்டிப் பாருங்கள். வேலை இல்லாத நேரம் திரைக்கு வெயில் படாமல் மூடி போடுங்கள். வினிகர் வாடை வந்தால் காசு கொடுக்காதீர்கள். பில் இல்லாமல் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

1915-க்குப் போன் செய்து நுகர்வோர் புகார் பதியப் போகிறேன். நாளை காலை மறுபடி அந்தக் கடைக்குப் போகிறேன். அப்பாவும் வருகிறார், செட் மூன்றையும் எடுத்துக்கொண்டு.