ஸ்டெர்லிங் ரே4, சத்தமான பேண்டில்: பேஸ் நாபைக் குறைத்தால்தான் பேஸ் கேட்கும்

டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு டிஸ்டார்ஷன் கிட்டார்களுக்கு நடுவே வாசிக்க வேண்டியவர்களுக்கு ஸ்டெர்லிங் பை மியூசிக் மேன் ரே4 பேஸ் கிட்டார் நல்ல கருவி. கொடுக்கிற காசுக்கு நியாயமான கருவியும்கூட. ஆனால் கடையில் சின்ன ஆம்பில் மாட்டி, பேஸ், ட்ரெபிள் நாப்கள் இரண்டையும் முழுக்கத் திருகி, அந்தக் கனத்தில் மயங்கி வாங்குகிறவர்களுக்கு முதல் மேடையிலேயே ஏமாற்றம் காத்திருக்கிறது. மேடையில் அந்தக் கனம் எங்கே போனதென்றே தெரியாது. கருவியில் கோளாறு இல்லை. ஆக்டிவ் பேஸை, அதாவது பேட்டரியில் ஓடும் சர்க்யூட் உள்ளேயே இருக்கும் பேஸை, எப்படி அமைப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை, அதுதான் பிரச்சினை.

இதன் மூலக் கருவி மியூசிக் மேன் ஸ்டிங்ரே. லியோ ஃபெண்டரும் கூட்டாளிகளும் 1976ல் கொண்டுவந்தது. ப்ரீஆம்பை (சிக்னலைத் தூக்கி, டோனை மாற்றும் அந்தச் சர்க்யூட்டை) கிட்டாருக்குள்ளேயே வைத்துத் தொழிற்சாலையிலிருந்து வந்த பேஸ்களில், பரவலாகப் புழங்கிய முதல் சிலவற்றில் ஒன்று. 1984ல் எர்னி பால் நிறுவனம் மியூசிக் மேனை வாங்கியது. அவர்களுடைய விலை குறைந்த வரிசைதான் ஸ்டெர்லிங். ரே4ல் பிரிட்ஜ் பக்கமாக ஒரே ஒரு ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்), வால்யூம், ட்ரெபிள், பேஸ், ஒரு 9 வோல்ட் பேட்டரி. பேட்டரி இல்லாமல் வாசிக்க உதவும் பாஸிவ் சுவிட்ச் கிடையாது.

அந்த ஹம்பக்கர் இருக்கும் இடம்தான் இந்தக் கருவியின் பலம். பிரிட்ஜுக்கு அருகில் ஸ்ட்ரிங்கின் அசைவு குறுகியது. அடிப்படை ஸ்வரம் மெலிந்து, மேல் ஹார்மோனிக்ஸ் (அடிப்படையோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த ஒலிகள்) தூக்கலாக வரும். அதனால் ஓசை இறுக்கமாக, விளிம்போடு இருக்கும். ஏசி/டிசியின் க்ளிஃப் வில்லியம்ஸ் இரண்டு கிட்டார்களுக்குக் கீழே ஒரே சீராக வாசித்துக்கொண்டே போனதும் ஸ்டிங்ரேயில்தான். ஷீக் குழுவின் பெர்னார்ட் எட்வர்ட்ஸ் நடன இசைக்கு வாசித்ததும் ஸ்டிங்ரேயில்தான். நேர் எதிரான இரண்டு இசை. இரண்டிலும் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் காதில் விழுகிறது.

வீட்டில் நன்றாக இருந்த டோன் மேடையில் ஏன் குழம்புகிறது? முதல் காரணம் நம் காது. சத்தம் குறைவாக இருக்கும்போது காதுக்குத் தாழ்ந்த ஒலிகள் சரியாக எட்டாது, அதை ஈடுகட்ட நாம் பேஸைக் கூட்டிவிடுகிறோம். சத்தம் ஏறும்போது அதே ஒலிகள் காதுக்குத் தானாகவே பெரிதாகின்றன. வீட்டில் இதமாக இருந்தது மேடையில் கும்மென்று உருண்டுகொண்டு நிற்கும். இரண்டாவது காரணம் இட நெருக்கடி. திறந்த ஈ ஸ்ட்ரிங்கின் அடிப்படை 41 ஹெர்ட்ஸ். பெரும்பாலான கேபினட்டுகள் (ஸ்பீக்கர் பெட்டிகள்) அந்த ஆழத்தில் பலமிழந்துவிடும். நாம் ஈ என்று உணர்வது பெரும்பாலும் 82 ஹெர்ட்ஸையும் அதற்கு மேலுள்ள ஹார்மோனிக்ஸையும்தான். 60 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை கிக் டிரம் உட்கார்ந்திருக்கும். 150க்கு மேல் டிஸ்டார்ஷன் கிட்டார்கள் அடைத்துக்கொள்ளும். பேஸ் நாபைக் கூட்டினால் அதிகம் ஏறுவது, ஏற்கெனவே கூட்டமாக இருக்கும் அடித்தளம். ஸ்வரத்தை அடையாளம் காட்டுகிற 600 முதல் 900 ஹெர்ட்ஸ் பகுதிக்கு அதனால் ஒரு பலனும் இல்லை.

மூன்றாவது காரணத்தை அதிகம் பேர் கவனிப்பதில்லை: பேட்டரி. 12 டெசிபல் பூஸ்ட் என்றால் வோல்டேஜ் நான்கு மடங்கு. 9 வோல்டில் ஓடும் ப்ரீஆம்ப், அந்த 9 வோல்டுக்கு மேல் விரிந்து ஆட முடியாது. பேஸை முழுக்கத் திருகிவிட்டு ஈ ஸ்ட்ரிங்கை ஓங்கி அடித்தால், ஆம்புக்குப் போவதற்கு முன்பே கிட்டாருக்குள்ளேயே அலையின் தலை வெட்டுப்படும். ஆம்பில் க்ளிப் விளக்கு (சிக்னல் அளவு மீறினால் எரிவது) எரியாது, ஆனால் ஓசை கரகரக்கும். ஆம்பையும் கேபினட்டையும் மாற்றிப் பார்ப்பவர்கள் முதலில் இந்த நாபைக் குறைத்துப் பார்க்கட்டும்.

இனி அமைக்கும் முறை. வால்யூம் முழுக்கத் திறந்திருக்கட்டும். ஆம்பின் ஈக்யூ (ஒலிப் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் நாப்கள்) எல்லாம் நடுவில். இந்த வகை 2-பேண்ட் சர்க்யூட்டில் நாபின் பாதிச் சுற்றுதான் ஃப்ளாட் (கூட்டலும் குறைத்தலும் இல்லாத நிலை) என்று நம்ப முடியாது, காதால் தேடுங்கள். பேஸ் நாபை முழுக்கக் குறைத்து, திறந்த ஈயையும் டி ஸ்ட்ரிங்கின் 2வது ஃப்ரெட்டிலுள்ள ஈயையும் ஒரே பலத்தில் மாற்றி மாற்றி வாசித்துக்கொண்டே மெதுவாக ஏற்றுங்கள். இரண்டும் ஒரே எடையில் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் கூட்டாதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். ட்ரெபிளை விரல் உரசும் சத்தமும் ஃப்ரெட் சத்தமும் தலைகாட்டும் வரை ஏற்றி, அங்கிருந்து கொஞ்சம் இறக்குங்கள். ஆக்டிவ் வெளியீட்டில் நீளமான கேபிள்கூட உச்ச ஒலிகளைத் தின்னாது. அதனால் பாஸிவ் பேஸிலிருந்து மாறுகிறவர்களுக்கு, பழகிய இடத்தில் நாப் இருந்தாலே ஓசை கூர்மையாகப் படும்.

அடுத்தது ஆம்பின் கெயின், அதாவது உள்ளே வரும் சிக்னலை எவ்வளவு தூக்குவது என்பது. பாட்டில் எவ்வளவு ஓங்கி வாசிப்பீர்களோ அவ்வளவு ஓங்கி வாசியுங்கள். மென்மையாக வாசித்து வைத்த கெயின் செல்லாது. க்ளிப் விளக்கு எப்போதாவது மின்னும் வரை ஏற்றி, சற்றே இறக்குங்கள். ஆம்பில் ‘ஆக்டிவ்’ என்று தனி ஜாக்கோ பேட் பட்டனோ இருந்தால், அது சிக்னலைச் சுமார் 10 முதல் 15 டெசிபல் குறைக்கும். கெயின் நாப் மிகத் தாழ்ந்திருக்கும்போதே விளக்கு எரிந்தால் மட்டும் அது தேவை. ஆக்டிவ் பேஸ் என்ற ஒரே காரணத்துக்காக அதில் சொருக வேண்டியதில்லை.

ரே4ன் உண்மையான குறை, நடு ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் மிட் நாப் இல்லாதது. சத்தமான பேண்டுக்கு மிகவும் தேவைப்படுவது அதுதான், ஆகவே ஆம்பிடம் கேட்டு வாங்க வேண்டும். ஆம்பில் அலைவரிசையை நகர்த்தும் மிட் இருந்தால், பூஸ்டை முழுக்க வைத்து, கிட்டார்கள் வாசிக்கும்போதே 400லிருந்து 1000 ஹெர்ட்ஸ் வரை மெல்ல நகர்த்துங்கள். பேஸ் திடீரென்று முன்னால் வந்து நிற்கும் ஓர் இடம் இருக்கும். அங்கே நிறுத்தி, பூஸ்டை 3 அல்லது 4 டெசிபலுக்கு இறக்குங்கள். 250 ஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபல் குறைத்தால் ஓசையின் கலங்கல் தெளியும். தனியாகக் கேட்டால் இந்த டோன் மூக்கடைத்த மாதிரி, அழகில்லாமல் இருக்கும். பயந்து மாற்றிவிடாதீர்கள். பேண்டோடு கேட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். கிட்டார்காரர்கள் தங்கள் ஆம்பில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறைத்துக்கொண்டால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். அவர்களோடு பேசிப் பாருங்கள்.

ஸ்டிங்ரே வகையில் பலர் சொல்லும் இன்னொரு குறை, ஜி ஸ்ட்ரிங் மெலிந்து கேட்பது. பிக்கப் உயரத்தில் பெரும்பகுதி சரியாகும். கடைசி ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்கை அழுத்திப் பிடித்து, அதன் அடிப்பக்கத்துக்கும் பிக்கப்பின் காந்த முனைக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். ஈ பக்கம் 3 மில்லிமீட்டர், ஜி பக்கம் 2.5 என்று தொடங்கலாம். பிறகு ஈ பக்கத்தை அரைச் சுற்று இறக்கி, ஜி பக்கத்தை அரைச் சுற்று ஏற்றி, ஒவ்வொரு முறையும் வாசித்துப் பாருங்கள். மிக நெருங்கினால் காந்தம் ஸ்ட்ரிங்கை இழுக்கும். மேல் ஃப்ரெட்டுகளில் ஸ்வரம் தள்ளாடுவதைக் கேட்டதும் இறக்கிவிடுங்கள். அதன் பிறகும் போதவில்லை என்றால், ஜி ஸ்ட்ரிங்கின் தடிமன் 45ஆக உள்ள செட்டுக்குப் பதிலாக 50 உள்ளதை மாட்டிப் பாருங்கள்.

கையும் ஒரு ஈக்யூதான். கட்டைவிரலைப் பிக்கப்பின் மேல் ஊன்றி வாசித்தால் ஓசை கெட்டிப்படும். ஐந்து சென்டிமீட்டர் நெக் பக்கம் நகர்ந்தால் ஓசை உருண்டையாக வரும். மெதுவான பாட்டுக்கு நாபைத் தொடுவதற்குப் பதில் கையை நகர்த்துங்கள்.

பேட்டரி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆல்கலைனே போடுங்கள். புதியது 9.5 வோல்ட் வரை காட்டும். மல்டிமீட்டரில் 8க்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள். ரீசார்ஜபிள் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள்: ‘9 வோல்ட்’ என்ற பெயரில் விற்கும் நிக்கல் வகைகளில் பல உண்மையில் 8.4 அல்லது 7.2 வோல்ட்தான். பேட்டரி தீரும்போது முதலில் ஓங்கி அடிக்கும் ஸ்வரங்கள் மட்டும் பொரியும், பிறகு ஒலி சிறுக்கும், கடைசியில் மௌனம். பாஸிவ் சுவிட்ச் இல்லாததால் மேடையில் அதற்கு மாற்று வழியே கிடையாது. ஒரு புதுப் பேட்டரியையும் அதை மாற்ற ஸ்க்ரூடிரைவரையும் கேஸிலேயே வையுங்கள்.

கேபிளைச் சொருகினாலே ப்ரீஆம்ப் ஆன் ஆகிவிடும். ஜாக்கில் மூன்று தொடர்புகள் உண்டு. மோனோ பிளக்கின் நீண்ட ஸ்லீவ், ரிங்கையும் கிரவுண்டையும் சேர்ப்பதால்தான் பேட்டரியின் நெகட்டிவ் இணைகிறது. தவறுதலாக ஸ்டீரியோ கேபிளைச் சொருகினால் அந்த இணைப்பு நடக்காது, சத்தமே வராது. வாசித்து முடித்ததும் கேபிளைக் கிட்டார் பக்கத்தில் உருவிவிடுங்கள்.

ஆம்பிலிருந்து மிக்ஸருக்கு டிஐ (நேரடி சிக்னல்) கொடுக்கும்போது ‘ப்ரீ’ நிலையில், அதாவது ஆம்பின் ஈக்யூவுக்கு முன்பிருந்து கொடுங்கள். ‘போஸ்ட்’ என்றால் நீங்கள் மேடைக்காக ஆம்பில் செய்த ஈக்யூ மாற்றமெல்லாம் வெளி ஸ்பீக்கருக்கும் போய்விடும். சவுண்ட் இன்ஜினியரிடம் 35 அல்லது 40 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ் (அதற்குக் கீழுள்ள ஒலிகளைக் குறைக்கும் ஃபில்டர்) போடச் சொல்லலாம். ஸ்பீக்கர் கோனின் வீணான ஆட்டம் குறையும்.

இன்னும் கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் அதே ஸ்டெர்லிங்கின் ரே34ஐ வாங்கச் சொல்வேன். அதில் 3-பேண்ட் ஈக்யூ, மிட் நாப் கையிலேயே இருக்கும். வாடகை ஆம்பில் வாசிக்கிறவர்களுக்கு அந்த ஒரு நாப் பெரிய நிம்மதி. சொந்த ஆம்பில் நல்ல மிட் இருக்கிறவர்களுக்கு ரே4 போதும். பழையதாக வாங்கினால் ஜாக்கின் நட்டைத் தொட்டுப் பாருங்கள். தளர்ந்திருந்தால் ஒவ்வொரு முறை சொருகும்போதும் ஜாக் சுழன்று உள்ளே வயர் முறுக்கிக்கொண்டிருக்கும். கேபிளை மாட்டி, வாசித்துக்கொண்டே பிளக்கை மெதுவாக ஆட்டிப் பாருங்கள். ஒலி விட்டுவிட்டு வந்தால் ஜாக்கைப் புதிதாகப் போடும் செலவைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும்.