சிங்கப்பூருக்குச் சாமான் திருப்பி அனுப்பப் போகிறீர்களா? என் 64,500 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டு அனுப்புங்கள்

நேற்று ராத்திரிதான் கோயம்புத்தூர் போய்விட்டு கோத்தகிரி திரும்பினேன். கோபத்தில் தூக்கமே வரவில்லை, அதனால் எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு வருஷம் சிங்கப்பூரில் இருந்துவிட்டு, அத்தைக்கு உடம்பு முடியாமல் போனதால் போன வருஷம் வீட்டோடு இங்கே வந்தோம். சாமான் எல்லாம் கப்பலில் சென்னை வந்தது. பெரிய ஃபிரிட்ஜுக்கும் பாத்திரம் கழுவும் மெஷினுக்கும் மட்டும் 38,200 ரூபாய் சுங்கவரி கட்டி எடுத்தோம். (கோத்தகிரி குளிரில் ஃபிரிட்ஜ் எதுக்கு என்று அத்தை அப்போதே கேட்டார்.) பதினோரு மாசத்தில் கம்பெனி என் வீட்டுக்காரரைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டது. இவர் முன்னால் போய்விட்டார், சாமானை அனுப்பும் வேலை என் தலையில்.

வெளிநாடு போய் வந்தவர்கள் இருக்கும் ஒரு குரூப்பில் இந்த ஏஜென்ட்டின் நம்பர் கிடைத்தது. வீட்டு சாமானை மூட்டை கட்டி, சுங்கத்தில் முடித்து, கப்பலில் ஏற்றித் தருகிறவனாம். கூடவே ஒன்று சொன்னான்: "வரி கட்டின சாமானை ரெண்டு வருஷத்துக்குள்ள திருப்பி அனுப்பினா கட்டின வரியில 98 சதவீதம் வாங்கிடலாம், அக்கா." அப்படி ஒரு சட்டம் நிஜமாகவே இருக்கிறது, சுங்கச் சட்டம் 1962, 74வது பிரிவு. பாதி உண்மையாக இருந்ததால்தான் நான் விழுந்தேன். புழங்கின சாமானுக்கு அந்த 98 கிடையாது, எத்தனை மாசம் புழங்கினோமோ அதற்குத் தகுந்தபடி குறையும் என்பதை அவன் வாயே திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்த அன்று நல்ல மழை. நனைந்துகொண்டே வந்தவன் அத்தையிடம் எங்கள் மலைப்பக்கத்துப் படுகு மொழியில் நாலு வார்த்தை பேசினான், அவ்வளவுதான். டீ, வர்க்கி, துடைத்துக்கொள்ளத் துண்டு, எல்லாம் வந்தது. "நம்ம ஊர்ப் பையன்மா, கொடு" என்றார் அத்தை. அங்கேயே உட்கார்ந்து 64,500 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். வரி கட்டின ஒரிஜினல் ரசீது, வந்தபோது கொடுத்த சாமான் பட்டியல், இரண்டையும் ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுத்தேன். ஒரு ஜெராக்ஸ்கூட எடுத்து வைக்கவில்லை, என்னைத்தான் அடிக்க வேண்டும்.

மூட்டை கட்ட வந்த பையன்கள் ஃபிரிட்ஜின் பின்பக்கம் சீரியல் நம்பர் ஸ்டிக்கர் மேலேயே பிரவுன் டேப்பை இழுத்து ஒட்டினார்கள். "தம்பி, அதன் மேல ஒட்டாதீங்க" என்றேன். "பயப்படாதீங்க அக்கா, தினமும் பண்றதுதான்."

அப்புறம் ஆரம்பித்தது. ஆபீசர் லீவு. சிஸ்டம் ஸ்லோ. சாமான் கப்பல் ஏற வேண்டிய தூத்துக்குடியில் மழை. கண்டெய்னரில் இடம் இல்லை. கத்தினதும் ஷிப்பிங் பில் (சாமானை வெளிநாடு அனுப்பச் சுங்கத்தில் பதிகிற பத்திரம்) என்று ஒரு நம்பரும் தேதியும் அனுப்பினான். சுங்கத்தின் ஐஸ்கேட் தளத்தில் தூத்துக்குடியைப் போட்டு அந்த நம்பரைத் தட்டினேன். அப்படி ஒரு பில்லே இல்லை. மூன்று தடவை தட்டினேன். அதைக் கேட்டதும் "மீட்டிங்கில் இருக்கேன்" என்றவன்தான், அதோடு போன் ஸ்விட்ச் ஆஃப்.

லாரிக்காரர் நம்பர் மட்டும் என்னிடம் இருந்தது, அவர் புண்ணியத்தில்தான் சாமான் கோவையில் ஒரு குடோனில் கிடப்பது தெரிந்தது. துறைமுகத்துப் பக்கமே போகவில்லை. குடோன் வாடகை 9,000 கட்டினால்தான் தருவேன் என்றார்கள், கட்டினேன். ஃபிரிட்ஜ் கதவு அமுங்கியிருக்கிறது. டேப்பை உரித்தேன், சீரியல் நம்பர் ஸ்டிக்கர் டேப்போடேயே வந்துவிட்டது, பாதி எழுத்து டேப்பில், மீதி கந்தல்.

தூத்துக்குடியில் இந்த வேலை செய்கிற தெரிந்தவர் ஒருவரைக் கேட்டேன். வந்த சாமானும் போகிற சாமானும் ஒன்றுதான் என்று கப்பல் ஏறும் முன்பே ஆபீசர் பார்த்து ஒத்துக்கொள்ள வேண்டுமாம். ரசீதும் இல்லை, நம்பரும் இல்லை, இதை வைத்துக்கொண்டு யாரிடம் போய்க் கேட்பீர்கள் என்றார். ஆக 64,500 ரூபாயோடு அந்த 38,200-இல் வரவேண்டியதும் போச்சு.

விவரமாக நிறைய எழுத நினைத்தேன், முடியவில்லை. ஒரிஜினல் ரசீதைக் கையை விட்டு விடாதீர்கள். சீரியல் நம்பரைப் போட்டோ எடுங்கள். ஏஜென்ட்டிடம் சுங்க புரோக்கர் லைசென்ஸ் நம்பர் கேளுங்கள், இழுத்தால் ஆளை விடுங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். ஏமாந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930-க்குப் போன் பண்ணுங்கள், நான் ஒரு வாரம் அவன் பேச்சை நம்பி உட்கார்ந்திருந்தேன். காலையிலிருந்து அந்த லைனுக்குத்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன். இங்கே சிக்னல் பாதியில் போகிறது, மொட்டை மாடிக்குப் போய் மறுபடி அடிக்க வேண்டும்.